தீர்ப்பு வருமுன்

சிறைச் சட்டம் என்று ஒரு சட்டம் உண்டு. 1894-ஆம் வருஷம் வெள்ளைக்கார சர்க்கார் இயற்றியது. சிறைக்குப் போய் வந்தவர்களே அதைப் படித்திருக்க மாட்டார்கள். போகாத நமக்கு அது எதற்கு என்று கேட்கலாம். ஆனாலும் அதன் 31-ஆவது பிரிவை மட்டும் வாசகர்கள் ஒரு தடவை தெரிந்துகொள்வது நல்லது. குற்றவாளி என்று இன்னும் தீர்ப்பாகாத கைதி, தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளலாம்; உணவு, உடை, படுக்கை முதலியவற்றை விலைக்கு வாங்கிக்கொள்ளலாம், அல்லது வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்ளலாம் என்கிறது அந்தப் பிரிவு. சோதனை உண்டு, விதிகள் உண்டு. என்றாலும் அனுமதி உண்டு. விசாரணைக் கைதியை அடைத்து வைப்பது தண்டிப்பதற்காக அல்ல, கோர்ட்டில் ஆஜர்படுத்துவதற்காகத்தான் என்பதைச் சட்டம் எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள்.

இந்தப் பிரிவு புத்தகத்தில் பத்திரமாக இருந்த காலத்தில்தான், 1929-ஆம் வருஷம், லாகூர் சிறையில் ஒரு விசாரணைக் கைதி 63 நாள் பட்டினி கிடந்து உயிர் விட்டார். அவர் பெயர் ஜதீந்திரநாத தாஸ். கல்கத்தாக்காரர். வயது 24.

கதை பகத்சிங்கிடமிருந்து தொடங்குகிறது. 1929 ஏப்ரல் 8-ஆம் தேதி டில்லிச் சட்டசபையில் அவரும் படுகேசுவர தத்தரும் வெடிகுண்டு வீசியதை எல்லோரும் அறிவார்கள். ஜூன் மாதம் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதித்துப் பஞ்சாப் சிறைகளுக்கு அனுப்பினார்கள். அங்கே ஐரோப்பியக் கைதிக்கு ஒரு சாப்பாடு, இந்தியக் கைதிக்கு ஒரு சாப்பாடு. உடை வேறு, படுக்கை வேறு. நல்ல உணவு, படிக்கப் புத்தகமும் பத்திரிகையும், அரசியல் கைதிகளைக் கட்டாய வேலை வாங்காமை ஆகியவற்றைக் கேட்டு இருவரும் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஜூலை 10-ஆம் தேதி லாகூர்ச் சதி வழக்கு ஆரம்பமாயிற்று. மற்றவர்களும் பட்டினிப் போரில் சேர முடிவு செய்தார்கள்.

ஜதீன் தாஸ் முதலில் தயங்கினார். அவர் பயந்தவர் அல்ல. அந்தக் கூட்டத்தில் பட்டினி என்றால் என்ன என்று அனுபவித்து அறிந்தவர். சில வருஷங்களுக்கு முன் மைமன்சிங் சிறையில் ஏறக்குறைய மூன்று வாரம் உண்ணாவிரதம் இருந்து, சிறை அதிகாரியை மன்னிப்புக் கேட்க வைத்தவர். உணர்ச்சி வேகத்தில் இறங்காதீர்கள், இறங்கினால் பாதியில் திரும்பக் கூடாது என்று தோழர்களை எச்சரித்துவிட்டு, ஜூலை 13-ஆம் தேதி தாமும் உண்ண மறுத்தார். நாவல் எழுதுகிறவர்கள் இத்தகைய ஒரு பாத்திரத்தைப் படைத்தால், கடைசியில் இவன்தான் சாவான் என்று கெட்டிக்கார வாசகர் அப்போதே ஊகித்துவிடுவார். வாழ்க்கை சில சமயம் அவ்வளவு பச்சையாகத்தான் கதை கட்டுகிறது.

சிறைக்காரர்கள் தண்ணீர்ப் பானைகளில் பாலை ஊற்றி வைத்துப் பார்த்தார்கள். கைதிகள் பானைகளை உடைத்தார்கள். பிறகு பலவந்தம். பல பேர் சேர்ந்து ஆளை அமுக்கிப் பிடிப்பது, மூக்கு வழியாக ரப்பர்க் குழாயைச் செலுத்துவது, பாலை ஊற்றுவது. ஜூலைக் கடைசியில் ஜதீனுக்கு அப்படிச் செய்தபோது பால் நுரையீரலில் இறங்கிவிட்டது. ஜுரம் கண்டது. அதன் பிறகு மருந்தையும் மறுத்தார். உடம்பு ஒவ்வோர் அங்கமாகச் செயல் இழந்தது.

சர்க்காருக்கு இரக்கமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வைத்திய காரணங்களுக்காக விசேஷ உணவு தருகிறோம் என்றார்கள். கைதிகள் ஏற்கவில்லை. சோறு ஒன்றுதான், ஆனால் மருந்தாகத் தருவோம், உரிமையாகத் தர மாட்டோம் என்பது சர்க்கார் கட்சி. அரசியல் கைதி என்று ஒரு ஜாதியே சட்டத்தில் கிடையாது, பட்டினிக்குப் பணிந்தால் நாளைக்கு எந்தச் சிறையை நடத்த முடியும் என்று அவர்கள் வாதித்தார்கள். ஒரு நிர்வாகியின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அந்த வாதத்திலும் கொஞ்சம் நியாயம் தெரியும். ஆனால் ஜதீன் தாஸ் விஷயத்தில் அது செல்லாது. அவர்மீது எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லவில்லை. சிறை விசாரணைக் கமிட்டியே அவரை நிபந்தனையின்றி விடுதலை செய்யலாம் என்றது. சர்க்கார் ஜாமீனில்தான் விடுவோம் என்றது. அவர் ஜாமீனில் போக மறுத்தார்.

இதற்கிடையே இன்னொரு சங்கடம். பட்டினியால் எழுந்திருக்க முடியாதவர்களை வைத்துக்கொண்டு விசாரணை நடத்துவது எப்படி? குற்றம் சாட்டப்பட்டவர் தாமாகவே தம்மைக் கோர்ட்டுக்கு வர முடியாதவராக ஆக்கிக்கொண்டால், அவர் இல்லாமலே வழக்கை நடத்தலாம் என்று சட்டசபையில் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். செப்டம்பர் 12-ஆம் தேதி அதை எதிர்த்து எழுந்தவர் முகம்மதலி ஜின்னா. பகத்சிங்கின் செயலைத் தாம் ஒப்பவில்லை என்று தெளிவாகவே சொன்னார். ஆனால் பட்டினி கிடந்து சாவது எல்லோராலும் ஆகிற காரியமா, கொஞ்ச நேரம் நீங்களே இருந்து பாருங்கள் என்று கேட்டார். இவர்கள்மீது வழக்கு நடத்த விரும்புகிறீர்களா, வதைக்க விரும்புகிறீர்களா என்றும் கேட்டார். பேச்சு அன்று முடியவில்லை. 14-ஆம் தேதி தொடர்ந்தார். நடுவில் இருந்த 13-ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜதீன் தாஸ் இறந்துபோனார்.

உடல் ரயிலில் லாகூரிலிருந்து கல்கத்தா சென்றது. வழி நெடுக ஸ்டேஷன்களில் ஜனங்கள் கூடினார்கள். கல்கத்தா ஊர்வலத்தில் வந்தவர்களை லட்சக்கணக்கில் சொல்கிறார்கள். சட்டசபையில் மோதிலால் நேரு கொண்டுவந்த கண்டனம் நிறைவேறியது. மசோதா சட்டமாகாமலே நின்றது.

பலன் என்ன? 1930-இல் கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். நம் ஊர்த் தியாகிகள், "எனக்கு பி கிளாஸ் கொடுத்தார்கள்" என்று பெருமையாகச் சொன்ன அதே கிளாஸ்தான். வெள்ளைத் தோலுக்கு இருந்த சலுகை, படிப்புக்கும் அந்தஸ்துக்கும் வந்தது. கட்டிலும் பத்திரிகையும் பட்டதாரிக்குக் கிடைத்தன; படிக்காதவன் தரையிலேயே கிடந்தான். தாஸ் உயிரைக் கொடுத்தது இந்தப் பாகுபாட்டுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. 31-ஆவது பிரிவும் கையில் காசு உள்ளவனுக்குத்தானே பயன்படும்? 1979-இல் பீகார்ச் சிறைகளின் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தபோது, குற்றம் ருசுவானால் கிடைக்கக்கூடிய தண்டனையைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே இருந்த ஏழைகள் வெளிப்பட்டார்கள். ஜாமீன் கட்ட அவர்களிடம் பணம் இல்லை. 2022-ஆம் வருஷக் கணக்கிலும் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நாலில் மூன்று பேர் தீர்ப்பு வராதவர்கள்.

லாகூர் வழக்கை மசோதா இல்லாமலே முடிக்க வைஸ்ராய் வழி கண்டுபிடித்தார். 1930 மே மாதம் ஓர் அவசரச் சட்டம். அதன்படி ஒரு தனி நீதிமன்றம். அக்டோபர் 7-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. பகத்சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்கு. பலருக்கு நீண்ட தண்டனை. மூன்று பேர்மீது குற்றம் ருசுவாகவில்லை என்று விடுதலை செய்தார்கள். அந்த மூவரில் ஒருவர் அஜய் கோஷ். ஜதீன் தாஸோடு சேர்ந்து பட்டினி கிடந்தவர்.