இத்தாலிய முகம், மதராஸ் எஞ்சின்

கைலாசபுரம் டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசைக்கு ஒரே ஒரு கார்தான் இருந்தது. வெளிர்நீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு மாமா பானெட்டைத் திறந்தால் பையன்கள் கூடிவிடுவோம். மற்ற கார்களில் மூடி மட்டும்தான் தூக்கும். இதிலோ மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். "இது இத்தாலிக்காரன் போட்ட டிசைன்டா, ஃபெராரிக்கு வரைஞ்சவன்" என்பார் மாமா. அளக்கிறார் என்று நினைத்துக்கொள்வோம். அவர் அளக்கவில்லை என்று தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

ஜியோவான்னி மிக்கெலோட்டி 1921-ல் டூரினில் பிறந்தவர். கார் கம்பெனி எதற்கும் முதலாளி இல்லை. கேட்டவர்களுக்கு வரைந்து கொடுப்பவர். அன்றைய இத்தாலியில் ஃபெராரி எஞ்சினையும் அடிச்சட்டத்தையும் செய்யும். மேலுடலைத் தகடு தட்டி உருவாக்குவது விக்னாலே, பினின்ஃபரினா போன்ற தனிப் பட்டறைகளின் வேலை. 1950-களின் தொடக்கத்தில் விக்னாலே பட்டறையிலிருந்து வந்த ஃபெராரிகள் பலவும் மிக்கெலோட்டியின் கோடுகளில் உருவானவை.

இங்கிலாந்தின் கவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் கம்பெனி 1957-ல் அவரை நாடியது. அவர்களுக்கு ஒரு சிக்கல். மேலுடல் செய்து தந்துகொண்டிருந்த ஆலையைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டிருந்தது. ஒரே கூடாக உடலை அடிக்க வழியில்லை. ஆகவே தனி அடிச்சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கும் துண்டுகள் என்று முடிவானது. அந்தத் துண்டுகளுக்கு அழகு கொடுத்தவர் மிக்கெலோட்டி. 1959-ல் வந்த டிரையம்ஃப் ஹெரால்டு 25 அடிக்குள் வட்டமடித்துத் திரும்பியது. துண்டு துண்டாகப் பிரித்துக் கப்பலில் ஏற்றி, வேறு நாட்டில் மாட்டி விற்பதற்கும் தோதாக இருந்தது.

அப்படி வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று மதராஸ். யூனியன் கம்பெனியும் கவென்ட்ரிக்காரர்களும் சேர்ந்து 1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கியிருந்தார்கள். ஆலை ஜி.எஸ்.டி. சாலையில், பெருங்களத்தூரில். முதலில் வேன்கார்டு, பிறகு சின்ன ஸ்டாண்டர்டு கார்கள், 1961-ல் ஹெரால்டு. டிரையம்ஃப் என்ற பெயர் இங்கே ஒட்டப்படவில்லை. ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்றே விற்றார்கள். கவென்ட்ரியில் 1963-ல் ஸ்டாண்டர்டு என்ற பெயர் காரிலிருந்தே மறைந்துபோனது. பெற்ற ஊரில் இல்லாத பெயர் இன்னும் 25 வருஷம் மதராஸில் வாழ்ந்தது.

பெருங்களத்தூர்க்காரர்கள் வெறும் போல்ட் முடுக்கிக்கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டுக்குக் கடைசிவரை இரண்டே கதவு. நம் வீடுகளில் பாட்டியை முன்சீட்டை மடக்கிப் பின்னால் ஏற்ற முடியுமா? 1960-களின் கடைசியில் நான்கு கதவு ஹெரால்டை இவர்களே செய்தார்கள். அடுத்த தொந்தரவு பின் அச்சு. ஹெரால்டில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியே ஏறி இறங்கும். நல்ல தார்ச்சாலையில் சுகம். பள்ளம் மேட்டில் ஆறு பேரை ஏற்றினால் தாங்காது. 1972-ல் வந்த கேஸலில் அதைத் தூக்கிவிட்டு, லாரியில் இருப்பதுபோல் ஒரே உறுதியான அச்சைப் போட்டார்கள். சாலையைப் பார்த்துச் செய்த மாற்றம் அது.

எஞ்சின் மட்டும் மாறவில்லை. இங்கிலாந்தில் ஹெரால்டு 1,147, 1,296 சி.சி. என்று வளர்ந்தபோது இங்கே 948 சி.சி.யே தொடர்ந்தது. எத்தனை கார் செய்யலாம், எதை இறக்குமதி செய்யலாம் என்பதெல்லாம் தில்லியின் கையில். 1969-ல் விலையையும் அரசே நிர்ணயித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போயிற்று. இந்துஸ்தான், பிரீமியர், ஸ்டாண்டர்டு மூன்றில் சிறியது ஸ்டாண்டர்டுதான். புது எஞ்சினுக்குப் பணமும் இல்லை, வாங்க ஆள் வரிசையில் நிற்கும்போது அவசரமும் இல்லை. எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கார் உற்பத்தி நின்று, வேனோடு காலம் ஓடியது.

1983 டிசம்பரில் மாருதி வந்தது. 1985-ல் ஸ்டாண்டர்டு மறுபடி காருக்குத் திரும்பியபோது கையிலெடுத்ததும் ஓர் இத்தாலிய முகம்தான். பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1-ஐ வரைந்த டேவிட் பேச், ஃபெராரி டேடோனாவைப் பார்த்து அதன் மூக்கை அமைத்தவர். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு பெற்றது அது. அங்கே அதற்கு 3.5 லிட்டர் வி8 எஞ்சின் இருந்தது. இங்கே ஸ்டாண்டர்டு 2000 என்று பெயர் மாறி வந்தபோது உள்ளே இருந்தது, வேன்கார்டு காலத்து எஞ்சினின் வழிவந்த, தங்கள் வேனில் ஓடிக்கொண்டிருந்த நான்கு சிலிண்டர். பட்டுவேட்டி கட்டி மாட்டுவண்டி ஓட்டியதுபோல் ஆயிற்று. பெட்ரோலையும் குடித்தது, ஓடவும் ஓடவில்லை. 1988-ல் உற்பத்தி நின்றது. வேலை போனவர்களில், அந்த நான்கு கதவையும் அச்சையும் பொருத்தத் தெரிந்த கைகளும் இருந்திருக்கும்.

எங்கள் ஊர் பாய்லர் ஆலையும் 1960-களில் செக்கோஸ்லோவாக்கியா தந்த வரைபடங்களோடுதான் தொடங்கியது. பின்னால் அமெரிக்கத் தொழில்நுட்பம் வாங்கி 500 மெகாவாட் பாய்லருக்கு வளர்ந்தது. அதற்கு அரசே முதலாளி, மின்வாரியங்களே வாடிக்கையாளர். ஸ்டாண்டர்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஒப்பிடுவது முழு நியாயம் ஆகாது. ஆனாலும் ஒன்று தோன்றுகிறது: அந்தக் கம்பெனி தன் ஆட்களை நம்பி அச்சை மாற்றியபோது எடுத்தது சரியான வழி. 2000-ல் முகத்தை வாங்கியது, மற்றதைப் பழையபடி விட்டது.

ஆலை மூடியபின் மிஞ்சிய உதிரிபாகங்களைப் பிரிட்டனில் எஸ்.டி.1 பிரியர்களுக்குப் பாகம் விற்கும் வணிகர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பெருங்களத்தூர் நிலத்தில் இன்று மென்பொருள் அலுவலகங்கள் நிற்கின்றன. திருச்சியிலிருந்து சென்னை போகும் பஸ் முன்பெல்லாம் விடியற்காலையில் அந்த இடத்தைக் கடக்கும். ஒவ்வொரு முறையும் தூக்கத்திலிருந்து எழுந்து ஜன்னல் வழியே பார்ப்பேன். மாமாவின் ஹெரால்டு அவர் ரிட்டயர் ஆகிறவரை ஓடியது. அவர் அதில் ஒருநாளும் மாற்றாமல் வைத்திருந்தது, ஸ்டியரிங் நடுவில் இருந்த ஸ்டாண்டர்டு பெயர்தான்.