எலெக்ட்ரான் என்னும் உரைகல்

பொன்னின் மாற்றை அறிய உரைகல் உண்டு. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத துகள்களாய்ப் பொன் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தினுள் சிதறிக் கிடக்குமாயின், அதனை எந்தக் கல்லில் உரைப்பது? இக்கேள்விக்கு விடை தந்த அறிவு ஒரு நாளில் ஒருவரால் வந்ததன்று. அது வளர்ந்த வரலாற்றை இங்கே காண்போம்.

லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைகர்கஸ் கிண்ணம் என்றொரு பொருள் உள்ளது. 4-ஆம் நூற்றாண்டில் ரோமானியப் பேரரசில் செய்யப்பட்ட இக்கண்ணாடிக் கிண்ணத்தை அருங்காட்சியகத்தார் 1958-இல் வாங்கினர். வெளியிலிருந்து ஒளி படும்போது அது பச்சையாகத் தோன்றும். உள்ளே விளக்கை வைத்தாலோ, சிவந்து ஒளிரும். அதன் சிறு சில்லு ஒன்றை ஆராய்ந்த வேதியியலார், பத்து லட்சம் பங்கில் சுமார் 300 பங்கு வெள்ளியும் 40 பங்கு பொன்னும் இருக்கக் கண்டனர். அளவு தெரிந்தது, அவை எவ்வடிவில், எங்கே உறைகின்றன என்பது தெரியவில்லை.

ஒளியால் இயங்கும் உருப்பெருக்கி இதற்கு உதவாது. ஒரு மில்லிமீட்டரை ஐயாயிரம் கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் சிறியதை, ஒளியின் அலைநீளம் தெளிவாகப் பிரித்துக் காட்ட விடுவதில்லை. இத்தடையைக் கடக்க, ஒளிக்குப் பதிலாக எலெக்ட்ரான் கற்றையைக் காந்தச் சுருள்களால் குவிக்கும் கருவியை எர்ன்ஸ்ட் ருஸ்காவும் மாக்ஸ் நோலும் 1931-இல் பெர்லினில் அமைத்தனர். 1933-இல் ருஸ்கா ஒளி உருப்பெருக்கியின் எல்லையையே தாண்டினார். நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது 1986-இல்தான்.

எனினும், உருவம் தெரிவது வேறு. பொருள் தெரிவது வேறு. வேற்று மாநிலத்தில் குடியேறிய நாம், அவ்வூர்க் கடைப் பலகையின் எழுத்தை முதலில் வெறும் வடிவமாகவே காண்கிறோம். படிக்கக் கற்றது பின்னரே. எலெக்ட்ரான் படத்தைப் படிப்பதற்கும் அவ்வாறே ஓர் அரிச்சுவடி தேவைப்பட்டது.

அதன் முதற்பாடம் முன்னமே எழுதப்பட்டிருந்தது. 1909-இல் மான்செஸ்டர் நகரில் ரதர்போர்டின் ஆய்வுக்கூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் பொன் தகட்டின்மீது ஆல்பாத் துகள்களை ஏவினர். சில துகள்கள் திரும்பி வந்தன. அணுவின் நடுவே மின்னேற்றம் செறிந்த கரு உண்டென்று 1911-இல் ரதர்போர்டு விளக்கினார். கருவின் மின்னேற்றம் மிகுந்தால், அதனருகே செல்லும் எலெக்ட்ரானும் மிகுதியாகத் திசை மாறும். கரியின் அணு எண் 6. அதன்மீது விழும் நூறு எலெக்ட்ரான்களில் ஏறத்தாழ ஆறு திரும்புகின்றன. அணு எண் 26 உடைய இரும்பில் ஏறத்தாழ இருபத்தெட்டு. 79 உடைய பொன்னில் ஏறத்தாழ ஐம்பது. ஆகவே திரும்பி வருவனவற்றைக் கொண்டு படம் வரைந்தால், கனத்த தனிமம் உள்ள இடம் வெளுத்தும், இலேசான தனிமம் உள்ள இடம் கறுத்தும் காணும். மெல்லிய சீவலை ஊடுருவி நேரே சென்ற எலெக்ட்ரான்களைக் கொண்டு வரைந்தாலோ, இது தலைகீழாகும். பொன் கறுப்பாகத் தோன்றும்.

இங்கே ஏமாறவும் இடமுண்டு. வெளுப்பு, கனத்தைக் குறிக்கும் சாடையேயன்றிப் பெயரன்று. செம்பின் அணு எண் 29. துத்தநாகத்தின் எண் 30. இவ்விரண்டையும் வெளுப்பைக் கொண்டு பிரித்தறிதல் மிக அரிது. இலேசான தனிமமும் கனத்த தனிமமும் கலந்த பொருள், நடுத்தரமான வேறொன்றைப் போலவே தோன்றக்கூடும். பரப்பின் மேடுபள்ளமும் பொய்யான வெளுப்பைத் தருவதால், மாதிரியைச் சமனாக மெருகிட வேண்டும்.

பெயரை அறியும் வழியை 1913-இல் ஹென்றி மோஸ்லி கண்டார். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ் கதிர்களை வெளியிடுகிறது. அவற்றின் அதிர்வெண் அணு எண்ணுக்கேற்ப ஒழுங்காக ஏறுகிறது. இவ்வுண்மையை உலகுக்கு அளித்த அவ்விளைஞர் 1915-இல் கலிப்போலிப் போர்முனையில் தம் 27-ஆம் வயதில் மாண்டார். அவர் விட்டுச் சென்ற திறவுகோலை ரேமோன் காஸ்டேன் என்ற பிரெஞ்சு அறிஞர் கையிலெடுத்தார். நுண்ணிய எலெக்ட்ரான் கற்றையை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமே உள்ள புள்ளியில் பாய்ச்சி, அங்கெழும் எக்ஸ் கதிர்களைத் தூய தனிமங்களின் கதிர்களோடு ஒப்பிட்டு, இன்னது இவ்வளவு என்று சொல்லும் முறையை 1951-இல் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டில் வகுத்தார்.

உருவம் காட்டும் கருவியும் பெயர் சொல்லும் கதிரும் ஓரிடத்தில் கூடியபோது கிண்ணத்தின் மறைபொருள் வெளிப்பட்டது. பார்பர், ஃபிரீஸ்டோன் என்னும் இருவர் 1990-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கண்ணாடியினுள் இருந்தவை மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு முதல் பதினாயிரத்தில் ஒரு பங்கு வரை அளவுள்ள உலோகத் துகள்கள். வெள்ளி ஏழு பங்கும் பொன் மூன்று பங்குமாக, சிறிது செம்பும் சேர்ந்த கலவை அது. அத்துகள்கள் சிதறடிக்கும் ஒளி பச்சை. அவை உறிஞ்சியது போக ஊடுருவி வரும் ஒளி சிவப்பு.

இன்று அறிவியல் ஏடுகளில் தனிமங்களைப் பல வண்ணங்களில் காட்டும் எலெக்ட்ரான் படங்களைக் காண்கிறோம். அவ்வண்ணங்கள் பொருளின் இயல்பான நிறங்கள் அல்ல. ஒவ்வொரு தனிமத்தின் எக்ஸ் கதிருக்கும் ஆய்வாளர் குறித்த அடையாளங்கள். ஆகவே அத்தகைய படத்தைக் காணும்போது, இது திரும்பி வந்த எலெக்ட்ரான் வரைந்ததா, எக்ஸ் கதிர் வரைந்ததா என்று கேட்டறிதல் நலம். முன்னது வேறுபாட்டைக் காட்டும். பின்னது பெயரைச் சொல்லும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பவரே மாற்றுக் குறையாத முடிவை அடைவர்.