நிலாவும் ரயிலும் செய்த குறும்பு

1983-ல் செர்ன் ஆய்வகத்தில் இசட் துகள் சிக்கியது. ஆனால் பிறந்த கணமே சிதைந்துவிடும் துகளை எந்தத் தராசில் நிறுப்பது? 1989-ல் அங்கேயே 27 கி.மீ. சுற்றளவுள்ள லெப் வளையம் ஓடத் தொடங்கியது. எலக்ட்ரான்களையும் பாசிட்ரான்களையும் வெவ்வேறு ஆற்றலில் மோதவிட்டார்கள். எந்த ஆற்றலில் இசட் அதிகம் பிறக்கிறதோ, அதுவே நிறையைக் காட்டிக்கொடுக்கும். சுலபம்தானே?

இல்லை. கற்றையின் ஆற்றலே நிலையாக இல்லை! முதல் குற்றவாளி நிலா. கடலைப்போலவே பாறையையும் அது இழுத்ததில், வளையத்தின் சுற்றளவு சுமார் 1 மி.மீ. மாறியது. அடுத்தது ரயில். தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்சாரம் கற்றைக்குழாயில் புகுந்து காந்தப்புலத்தை அசைத்தது. நள்ளிரவுக்குப்பின் ரயில்கள் நின்றால்தான் அமைதி. இத்தனையையும் திருத்திய பிறகு, 2006-ல் இறுதி முடிவு வெளியானது: 91.1875 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், பிழை வெறும் 0.0021. புரோட்டானைப்போல் ஏறத்தாழ 97 மடங்கு.