அரசு ரகசியக் கசிவு: கோடியக்கரை முதல் ஜெயின் ஆணைய அறிக்கை வரை

அரசு மூடி வைத்திருக்கும் ஆவணத்தையோ தகவலையோ அதைக் கையாளும் ஒருவர் அனுமதியின்றி வெளியாருக்குக் கொடுப்பது ரகசியக் கசிவு எனப்படும். வாங்குபவர் அந்நிய உளவாளியாக இருக்கலாம், ஆயுதக் குழுவாக இருக்கலாம், செய்தியாளராகவும் இருக்கலாம். கொடுத்தவர் துரோகியா, துணிச்சல்காரரா என்ற வழக்கில் முதலில் பார்க்க வேண்டியது வாங்கிய கையைத்தான். இந்த வழக்கின் எல்லாப் பக்கங்களையும் தமிழ்நாட்டில் ஒரே இடத்தை ஒட்டிப் பார்க்க முடியும். அது வேதாரண்யத்துக்குத் தெற்கே உள்ள கோடியக்கரை.

கரையும் கோப்பும்

சோழமண்டலக் கரை மேற்கே திரும்பும் முனை கோடியக்கரை. வெளிமான்களுக்கும் வலசைப் பறவைகளுக்கும் பேர்போன காடு ஒரு பக்கம், வேதாரண்யத்து உப்பளங்கள் இன்னொரு பக்கம், எதிரே பாக் நீரிணை. அதற்கு அப்பால், விசைப்படகில் சில மணி நேரத் தொலைவில், யாழ்ப்பாணக் குடாநாடு. இலங்கையின் 1983 இனக் கலவரத்துக்குப் பிறகு ஈழப் போராளிக் குழுக்களுக்கு இந்திய அரசே பயிற்சியும் ஆயுதமும் கொடுத்தது. டில்லி அதை வெளியே மறுத்துக்கொண்டிருந்த நாட்களிலும், இரவில் படகு வந்து போவது இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு ஊரறிந்த சேதி. படகு வந்ததைக் கரை அறியும். யார் உத்தரவில் வந்தது என்பதைக் கோப்பு மட்டுமே அறியும். அரசு ரகசியங்களில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

1991 மே 1 அன்று விடுதலைப் புலிகளின் சிவராசன் தலைமையில் ஒன்பது பேர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோடியக்கரையில் இறங்கினார்கள். அந்தக் குழுவின் சதியில் மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். வந்தவர்களுக்கு இடம் கொடுத்த உள்ளூர்க் கடத்தல்காரர் ஒருவர், கொலையை விசாரித்த சிறப்புப் புலனாய்வுக் குழுவிடம் வந்த சில நாட்களிலேயே தூக்கில் இறந்து கிடந்தார். அவரோடு பல பதில்கள் போயின.

எதிர்த் தரப்புக்குப் போன தகவல்

கொலைக்கு முன்பே கசிவு என்ற சொல் தமிழக அரசியலில் அடிபட்டது. 1991 ஜனவரி 30 அன்று, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை அனுப்பாத நிலையிலேயே, மு. கருணாநிதியின் திமுக ஆட்சி கலைக்கப்பட்டது. மத்திய அரசு மாநிலத்தோடு பகிர்ந்த உளவுத் தகவல் விடுதலைப் புலிகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்பது அப்போது திமுக மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. அந்தக் கட்சி அதை மறுத்தது. நீதிமன்றத் தீர்ப்பு எதுவும் அதை உறுதிசெய்யவில்லை. ஆனாலும் ஒரு ஆட்சியின் முடிவில் அதற்குப் பங்கு இருந்தது.

அதற்கு முன், 1987இல், சென்னையில் இந்தியாவின் வெளிநாட்டு உளவு அமைப்பான ராவின் பொறுப்பிலிருந்த கே. வி. உன்னிகிருஷ்ணன் கைதானார். இலங்கை தொடர்பான ரகசியங்களை அமெரிக்க உளவு நிறுவனத்துக்குக் கொடுத்தார் என்பது அவர் மீதான புகார். இந்த வகைக் கசிவுக்கு வீரம் என்று பெயர் சூட்ட யாரும் முன்வருவதில்லை, முன்வரவும் கூடாது. அதன் பயன் மக்களுக்குப் போவதில்லை. அதன் விலையைக் களத்தில் நிற்பவர் தருகிறார்.

ஜெயின் ஆணைய அறிக்கை

கொலையின் பின்னுள்ள சதியை ஆராய 1991 ஆகஸ்டில் நீதிபதி எம். சி. ஜெயின் ஆணையம் அமைக்கப்பட்டது. இடைக்கால அறிக்கை 1997 ஆகஸ்ட் 28 அன்று அரசிடம் தரப்பட்டது. நவம்பரில் அதன் பகுதிகள் இந்தியா டுடே இதழில் வெளிவந்தன. புலிகள் தமிழ்நாட்டில் வேரூன்ற திமுக இடம் கொடுத்தது என்ற பகுதி நாடெங்கும் பேசப்பட்டது. நவம்பர் 20 அன்று அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. ஐக்கிய முன்னணி அமைச்சரவையிலிருந்து திமுகவை நீக்கச் சொன்னது அந்த ஆட்சியை ஆதரித்துவந்த காங்கிரஸ். பிரதமர் ஐ. கே. குஜ்ரால் இணங்கவில்லை. காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொள்ள, நவம்பர் 28 அன்று குஜ்ரால் பதவி விலகினார்.

கசியவிட்டவர் பெயர் பொதுவெளிக்கு வரவில்லை. அவரைத் துரோகி என்பது அநியாயம். ஆறு ஆண்டுக்கு முந்திய நிகழ்ச்சி பற்றிய விசாரணை அது. வெளியானதால் எந்தப் படையின் கையும் கட்டப்படவில்லை. நாட்டின் முன்னாள் பிரதமர் எப்படிக் கொல்லப்பட்டார் என்பதை அறிய மக்களுக்கு உரிமை உண்டு.

வீரர் என்று சொல்லவும் வழியில்லை. விசாரணை ஆணையங்கள் சட்டம், 1952இன்படி, அறிக்கை கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் நடவடிக்கைக் குறிப்போடு அதை அவையில் வைத்தாக வேண்டும். 1998 பிப்ரவரிக்குள் சட்டமே திறந்திருக்க வேண்டிய கதவு அது. கசிவு செய்தது, முழு அறிக்கையைப் படிக்கும் முன்பே ஒரு துண்டைத் தீர்ப்பாக்கியது. போராளிகளுக்கு 1980களில் மத்திய அரசு கொடுத்த ஆதரவையும் அதே அறிக்கை விரிவாகப் பேசியிருந்தது. அந்தப் பக்கங்கள் எந்த ஆட்சியையும் கவிழ்க்கவில்லை. 17 தொகுதிகளிலிருந்து எதை எடுப்பது என்று தீர்மானித்தவருக்குத்தான் உண்மையான அதிகாரம் இருந்தது. திமுகவோடு ஒரே அமைச்சரவையை ஆதரிக்க முடியாது என்ற காங்கிரஸ், 2004 தேர்தலில் அதே கட்சியோடு கூட்டணி வைத்தது.

பெயர் சொல்லி நின்றவர்

பீரங்கி வாங்கியதில் லஞ்சம் கைமாறியதாக எழுந்த போஃபர்ஸ் விவகாரம் இதற்கு நேர் மாறானது. ஸ்வீடன் காவல் அதிகாரி ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் கொடுத்த ஆவணங்கள் செய்தியாளர் சித்ரா சுப்ரமணியம் வழியாகச் சென்னையின் தி இந்து நாளிதழை அடைந்தன. 2012இல் லிண்ட்ஸ்ட்ரோம் தாமே முன்வந்து பெயரை வெளியிட்டார். ராஜீவ் காந்தி லஞ்சம் வாங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை, ஆனால் மூடிமறைப்பதைத் தடுக்காமல் இருந்தார் என்று அப்போது சொன்னார். ஆவணம் சொல்வதற்கு மேல் ஒரு வார்த்தை ஏற்றாத இந்த நேர்மைக்காகவே அவரை மதிக்க வேண்டும். வியட்நாம் போர் குறித்த பென்டகன் ஆவணங்களை 1971இல் வெளிக்கொணர்ந்த டேனியல் எல்ஸ்பெர்க்கும் சில நாட்கள் மறைந்திருந்தாலும் பொறுப்பைத் தட்டிக்கழிக்கவில்லை. சரணடைந்து வழக்கைச் சந்தித்தார்.

சட்டம்

இந்தியாவில் இதை ஆள்வது அலுவல் ரகசியச் சட்டம், 1923. உளவு பார்ப்பதற்கு அதன் 3ஆம் பிரிவும் தகவலை முறைகேடாகக் கொடுப்பதற்கு 5ஆம் பிரிவும் பொருந்தும். 5ஆம் பிரிவில் பொதுநலம் என்ற எதிர்வாதத்துக்கு இடமே இல்லை. ஊழலை அம்பலப்படுத்தியவரும் காசுக்கு விற்றவரும் ஒரே கூண்டில் நிற்க நேரும். வெள்ளையர் காலத்துச் சட்டம் சுதந்திர நாட்டில் இப்படியே நீடிப்பது தவறு.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இதைக் கொஞ்சம் தளர்த்தியது. காக்கப்படும் நலனுக்கு வரும் தீங்கைவிட வெளியிடுவதில் உள்ள பொதுநலன் மிகுந்திருந்தால் ரகசியத்தையும் வெளியிடலாம் என்கிறது அதன் 8(2) பிரிவு. ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில் தி இந்து வெளியிட்ட பாதுகாப்புத் துறை ஆவணங்களைத் திருட்டு ஆவணங்கள் என்று ஒதுக்கச் சொன்னது மத்திய அரசு. 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியது.

முறைகேட்டை உள்ளிருந்தே சொல்பவரைக் காக்க 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும் நடைமுறைக்குக் கொண்டுவரப்படவில்லை. அது உரிய அதிகாரியிடம் பெயரோடு புகார் தருபவரைப் பற்றியே பேசுகிறது. செய்தித்தாளுக்கு ஆவணம் கொடுப்பவர் அதிலும் வெளியேதான் நிற்கிறார்.