பைக் ஹேண்டில் திடீரென உதறுகிறதா? ஸ்டீயரிங் டேம்பர் உடைந்தால் மாற்றுவது எப்படி?

வேகமாகப் போகும்போது சின்ன பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கி ஏறுகிறது. அடுத்த நொடி ஹேண்டில் இடமும் வலமுமாக உதற ஆரம்பிக்கிறது. பைக் ஓட்டுபவர்கள் இதை ‘ஹேண்டில் அடிக்குது’ என்பார்கள். விநாடிக்கு சுமார் 4 முதல் 10 முறை வரை வரும் இந்த உதறல் முற்றினால், பைக்கைக் கட்டுப்படுத்தவே முடியாது. இதை அடக்குவதற்காக இருக்கும் பாகம்தான் ஸ்டீயரிங் டேம்பர்.

ஸ்டீயரிங் டேம்பர் என்ன செய்கிறது?

ஷாக் அப்சார்பர் போலத்தான் இதுவும். ஆயில் நிரம்பிய சிலிண்டருக்குள் ஒரு பிஸ்டன் ஓடும். ஒரு முனை ஃபிரேமிலும், மறுமுனை ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் பொருத்தப்பட்டிருக்கும். ஹேண்டிலை மெதுவாகத் திருப்பினால் பெரிதாகத் தடுக்காது. வேகமாக உதறினால், சிறிய துளை வழியாக ஆயில் போக வேண்டியிருப்பதால் எதிர்ப்பு கூடிவிடும்.

சுசூகி நிறுவனம் 1997-ல் கொண்டு வந்த டிஎல்1000எஸ் பைக்கில் ஹேண்டில் உதறல் புகார்கள் எழுந்தன. அதன் பிறகு அந்த பைக்கில் டேம்பர் பொருத்தப்பட்டது. ஹோண்டா 2004-ல் சிபிஆர்1000ஆர்ஆர் பைக்கில், வேகத்துக்கு ஏற்ப இறுக்கத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் டேம்பரை வைத்தது.

எது உடையும்? எப்படித் தெரியும்?

* ராடில் ஆயில் பிசுபிசுப்பு: சீல் போய்விட்டது.
* ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் எதிர்ப்பே இல்லாத இடம்: உள்ளே ஆயில் குறைந்து காற்று புகுந்திருக்கலாம்.
* ஒரு இடத்தில் பிடித்துப் பிடித்து வருவது: ராடு வளைந்திருக்கலாம்.
* ‘டக் டக்’ சத்தம்: முனையில் உள்ள பால் ஜாயிண்ட் தேய்ந்திருக்கும், அல்லது பிராக்கெட் விரிசல் விட்டிருக்கும்.

பைக் கீழே விழுந்த பிறகு இந்த நான்கையும் கட்டாயம் பார்க்க வேண்டும். ராடு பாதி வழியில் சிக்கினால் ஹேண்டில் திரும்பாது. அந்த நிலையில் பைக்கை ஓட்டவே கூடாது.

மாற்றும் முறை

1. பைக்கை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, ஃபிரேமுக்குத் தாங்கல் கொடுத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்க வேண்டும்.

2. போல்ட், வாஷர், ஸ்பேசர் எந்த வரிசையில் இருக்கிறது என்று கழற்றும் முன் போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் டேம்பர் என்றால், இக்னிஷனை ஆஃப் செய்துவிட்டு கனெக்டரைக் கழற்ற வேண்டும்.

3. ராடு பக்க போல்ட்டை முதலில் கழற்றி, பிறகு சிலிண்டரைப் பிடித்திருக்கும் கிளாம்பைக் கழற்றலாம்.

4. புதியதை மாட்டும் முன் கோன் செட்டைச் சோதிக்க வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் லூசாக இருக்கிறதா? ஹேண்டிலைத் திருப்பினால் நேர் நிலையில் வந்து ‘சிக்’குகிறதா? அப்படி இருந்தால் கோன் செட்டைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். டேம்பர் மாட்டியிருக்கும்போது இந்தக் கோளாறு வெளியே தெரியாது.

5. புதிய டேம்பரை லேசாக மாட்டி, ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஃபிரேமில் உள்ள ஹேண்டில் ஸ்டாப்பர்தான் முதலில் முட்ட வேண்டும். டேம்பர் ராடு முதலில் முட்டினால், நீளம் தவறு என்று அர்த்தம். அப்படியே ஓட்டினால் பிராக்கெட் மறுபடியும் உடையும்.

6. சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து போல்ட்டை இறுக்க வேண்டும். மேனுவல் சொல்லும் இடங்களில் த்ரெட் லாக் பசை போட வேண்டும்.

7. கிளட்ச், ஆக்சிலேட்டர் கேபிள், பிரேக் ஹோஸ் எதுவும் டேம்பரில் சிக்கவில்லை என்பதை மீண்டும் ஒருமுறை திருப்பிப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

செட்டிங் எவ்வளவு வைப்பது?

கையால் மாற்றும் டேம்பர் என்றால், குறைந்த இறுக்கத்தில் தொடங்கி ஒவ்வொரு கிளிக்காகக் கூட்டலாம். ‘டைட்டா வச்சா சேஃப்டி’ என்று நினைப்பது தவறு. ரொம்ப இறுக்கினால் டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் தானாக நேராகாது; பைக் பாம்பு போல நெளியும்.

ஓடும்போது உதறினால்?

சட்டென முன் பிரேக்கை அழுத்தக் கூடாது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து மல்லுக்கட்டவும் கூடாது. முழங்கால்களால் டேங்க்கைப் பிடித்து, உடலைச் சற்று முன்னால் சாய்த்து, ஆக்சிலேட்டரைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

என் பைக்கில் டேம்பரே இல்லையே?

ஸ்ப்ளெண்டர், பல்சர் போன்ற அன்றாட பைக்குகளில் இந்தப் பாகம் வருவதில்லை. அவற்றில் ஹேண்டில் ஆடினால் டயர் காற்று, டயர் தேய்மானம், வீல் பேரிங், கோன் செட், பின்னால் ஏற்றிய சுமை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் டேம்பரை வாங்கி மாட்டினால் ஆட்டம் மறையலாம். ஆனால் தேய்ந்த கோன் செட் அப்படியேதான் இருக்கும்.