தண்ணீரில் கிழித்த கோடு



நினைவுச் சொற்பொழிவு என்றால் நிலம், கோயில் நுழைவு, கல்வி, இடஒதுக்கீடு என்று பேசுவதே வழக்கம். அவற்றைப் பேச இந்த அவையிலேயே நம்மைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். இந்த ஆண்டு நாங்கள் நீச்சலைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டோம். தலைப்பைக் கேட்ட தோழர்கள் சிலர் சிரித்தார்கள். சிரிப்புக்கும் ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு பார்ப்போம்.

கோடை வந்தால் பத்திரிகைகள் நகரத்துக்குப் பக்கத்தில் குளித்து மகிழ்வதற்கான இடங்களைப் பட்டியல் போடுகின்றன. அருவி, அணை, ஆறு, கடற்கரை. எத்தனை கிலோமீட்டர், எங்கே சாப்பாடு, எந்த நாளில் கூட்டம் குறைவு என்றெல்லாம் இருக்கும். அந்தத் தண்ணீரில் யார் இறங்கக் கூடாது என்று கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள் என்ற வரி மட்டும் இருக்காது. ஒரு நகரத்தை எடுத்துக்கொண்டு அந்த வரியை எழுதிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். நகரம் சிகாகோ.

சிகாகோ என்றதும் நம் ஊரில் இரண்டு நினைவுகள் வரும். ஒன்று 1893இல் விவேகானந்தர் பேசிய சர்வசமய மாநாடு. இன்னொன்று 1886இல் எட்டுமணி நேர வேலைக்காக எழுந்த தொழிலாளர் போராட்டம், அதன் வழியாக மே தினம். ஒன்றைக் காவிக்காரர்கள் சொந்தம் கொண்டாடுகிறார்கள், மற்றொன்றைச் சிவப்புக்காரர்கள். மாநாடு நடந்த கட்டடத்திலிருந்து ஏரிக்கரையோரமாகச் சில மைல் தெற்கே போனால் மூன்றாவது நினைவு ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டாட நம் ஊரில் ஆளில்லை.

சிகாகோ மிச்சிகன் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரி என்றால் நம் கண்மாயைப் போல நினைத்துவிடக் கூடாது. அக்கரை தெரியாது, அலை அடிக்கும், மணல் இருக்கும். கடலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் உப்பு இல்லாததுதான். நகரத்துக்குள் மட்டும் ஏறத்தாழ 26 மைல் நீளத்துக்குப் பொதுமக்களின் கரை. கோடையில் மாநகரமே அங்கே இறங்கிக் குளிக்கும்.

1910இல் சிகாகோவில் இருந்த கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். 1920இல் அது 1,09,000ஐத் தாண்டியது. தெற்கு மாநிலங்களின் பருத்திக்காட்டு அடிமைத்தனத்தின் மிச்சத்திலிருந்தும், மரத்தில் தூக்கிலிடும் கும்பல்களிடமிருந்தும் தப்பி, இறைச்சிக் கூடங்களிலும் உருக்காலைகளிலும் வேலை தேடி ரயில் ஏறியவர்கள் அவர்கள். தெற்கில் ஒவ்வொரு கதவிலும் 'வெள்ளையருக்கு மட்டும்' என்று பலகை இருந்தது. சிகாகோவில் பலகை இல்லை. பொது இடங்களில் இனம் பார்த்து விலக்கக் கூடாது என்று இல்லினாய்ஸ் மாநிலம் 1885லேயே சட்டம் போட்டிருந்தது.

ஆனாலும் 25ஆம் தெருவின் முனையில் இருந்த கரை கறுப்பர்களுடையது, 29ஆம் தெருவின் முனையில் இருந்தது வெள்ளையர்களுடையது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இடையில் வேலி இல்லை. தண்ணீருக்குள்ளும் ஒரு கோடு போனது. அதை யாரும் வரையவில்லை, ஆனால் எல்லோரும் பார்த்தார்கள். ஊருக்கும் சேரிக்கும் இடையில் வளர்ந்த நம்மில் யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

கறுப்பினப் பையன்கள் சிலர் இரண்டு கரையும் வேண்டாம் என்று தங்களுக்கென்று ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். 26ஆம் தெருவின் பக்கம், ஒரு பீர் ஆலைக்கும் ஐஸ் கம்பெனிக்கும் பின்னால். ஒன்றின் கழிவு வெந்நீராக வரும், மற்றொன்றின் கழிவு சில்லென்று வரும். அதனால் அந்த இடத்துக்கு 'சூடும் குளிரும்' என்று பெயர் வைத்திருந்தார்கள். யாரும் தேடாத தண்ணீர்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நீச்சல்குளம். கல்குவாரிக் குட்டையில் குதிக்கும் நம் பையன்கள் கண்முன் வருகிறார்கள். அந்தப் பிள்ளைகள் பல நாள் உழைத்து மரக்கட்டைகளைக் கட்டி ஒரு தெப்பம் செய்தார்கள். நன்றாக நீந்தத் தெரியாதவர்கள், தெப்பத்தைப் பிடித்துக்கொண்டு ஆழத்துக்குப் போவார்கள்.

1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. கடும் வெயில். யூஜீன் வில்லியம்ஸ் என்ற 17 வயதுப் பையனும் நண்பர்களும் தெப்பத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதே நேரத்தில் 29ஆம் தெருக் கரையில் கறுப்பின மக்கள் சிலர் தண்ணீரில் இறங்க முயன்று, கல்லெறிந்து விரட்டப்பட்டு, ஆள் சேர்த்துத் திரும்பி வந்திருந்தார்கள். இது எதுவும் தெப்பத்தில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரியாது. தெப்பம் மிதந்துகொண்டே கோட்டைத் தாண்டியது. கரையிலிருந்து ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். முதலில் பிள்ளைகள் அதை விளையாட்டு என்றே நினைத்ததாக அவர்களில் ஒருவர் பல பத்தாண்டுகள் கழித்துச் சொல்லியிருக்கிறார். கல் யூஜீனின் நெற்றியில் பட்டது, அவன் மூழ்கினான் என்பது அவருடைய சாட்சியம். உடலில் கல்பட்ட காயம் இல்லை, கல்லெறிக்குப் பயந்து கரையேற முடியாமல் மூழ்கினான் என்பது அப்போதைய மரண விசாரணையின் முடிவு. நம்மைப் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு அதிகமில்லை. கரைக்கு வர விடாததும் கொலைதான்.

கரையில் இருந்த கறுப்பின மக்கள் கல்லெறிந்தவரைச் சுட்டிக்காட்டிக் கைது செய்யச் சொன்னார்கள். காவலர் டேனியல் கலஹன் மறுத்தார். அதோடு நிற்காமல், ஒரு வெள்ளையர் புகார் சொன்னதும் ஒரு கறுப்பினத்தவரைக் கைது செய்தார். அங்கே வெடித்தது நகரமெங்கும் பரவியது. 38 பேர் மாண்டார்கள்; 23 பேர் கறுப்பினத்தவர், 15 பேர் வெள்ளையர். காயமடைந்தவர்கள் 537 பேர். சுமார் ஆயிரம் பேர் வீடிழந்தார்கள்.

சமூகவியல் படித்தவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. 'சிகாகோ பள்ளி' என்று முதுகலையில் ஒரு தாளையே படிக்கிறோம். ராபர்ட் பார்க், நகர மண்டலங்கள், வட்டவட்டமாகப் படம். கலவரத்தை ஆராய ஆறு வெள்ளையர், ஆறு கறுப்பினத்தவர் கொண்ட ஆணையம் அமைந்தது. 1922இல் வந்த அதன் பெரிய அறிக்கைக்கான ஆய்வை முன்னின்று நடத்தியவர் பார்க்கிடம் படித்த சார்லஸ் எஸ். ஜான்சன் என்ற கறுப்பின மாணவர். அந்தப் பல்கலைக்கழகமும் கலவரம் தொடங்கிய கரையும் ஒரே தெற்குப் பகுதியில், சில மைல் இடைவெளியில் இருப்பவை. வட்டப்படம் நம் பாடத்தில் வருகிறது. மூழ்கிய பையன் வருவதில்லை.

சட்டம் இருந்தும் கோடு அழியவில்லை என்பதைப் பார்த்தோம். இதே காலத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1923இல் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானத்தின்படி பொதுக் குளங்கள், கிணறுகள் எல்லோருக்கும் உரியவை என்றது பம்பாய் சட்டசபை. 1924இல் மஹாட் நகராட்சியும் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924இல் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனின் முயற்சியால் பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் என்ற தீர்மானம் நிறைவேறியது. தாள் தயாராக இருந்தது. மஹாடில் மூன்று ஆண்டுகள் யாரும் அந்தக் குளத்தில் கைவைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அள்ளிக் குடித்த பிறகுதான் தாள் தண்ணீரானது. உடனே அடி விழுந்தது. குளத்தில் 108 பானைத் தண்ணீரை இறைத்தெடுத்து, சாணமும் கோமியமும் கலந்து தீட்டுக் கழித்தார்கள். அந்த ஆகஸ்ட்டில் நகராட்சி தன் தீர்மானத்தையே திரும்பப் பெற்றது. அது தனியார் குளம் என்று வழக்குப் போட்டார்கள். வழக்கு முடிய 1937 மார்ச் ஆனது.

அந்தத் தண்ணீரைக் குடிக்காவிட்டால் நாம் செத்துவிடப் போவதில்லை, நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டவே போகிறோம் என்று அந்த ஆண்டு டிசம்பரில் அம்பேத்கர் விளக்கினார். இந்த இடத்தில்தான் நீச்சல் என்றதும் வந்த சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாகத்துக்குத் தண்ணீர் கேட்பவனுக்கு, தூக்கி ஊற்றவாவது ஒரு கை வரும். கையைக் குவித்து நிற்பவன் தாழ்ந்தே நிற்கிறான் என்பதால் அதில் யாருக்கும் ஆபத்தில்லை. அதே ஆள் சும்மா விளையாடுவதற்காகத் தண்ணீர் கேட்டால் கோபம் வருகிறது. தண்ணீருக்குள் சட்டை இல்லை, துண்டு இல்லை, யார் பண்ணையார் யார் பண்ணையாள் என்று தெரியாது. ஒருவர் மேல் பட்ட தண்ணீர் அடுத்தவர் மேலும் படும். 'பரியேறும் பெருமாள்' படத்தின் தொடக்கத்தில் குட்டையில் குளித்துக் களித்த பிள்ளைகள் ஒதுங்கிப் போன பிறகு அந்தத் தண்ணீரில் சிறுநீர் கழிக்கிறார்களே, அது தாகத்தின் மேல் உள்ள கோபமா? அவர்கள் சந்தோஷமாக இருந்ததன் மேல் உள்ள கோபம். நம்மவர்களிலேயே சிலர் நீச்சலை அற்ப விஷயம் என்று நினைப்பது, கஞ்சிக்கு மேல் எதையும் உரிமையாகக் கேட்டுப் பழகாததால்.

சிகாகோவின் கறுப்பின இளைஞர்கள் கேட்டார்கள். நகரின் தெற்கே 75ஆம் தெருவை ஒட்டி ரெயின்போ கடற்கரை என்ற ஏரிக்கரை. 1960 கோடையில் அங்கே குடும்பத்தோடு போன கறுப்பினக் காவலர் ஒருவரே தாக்கப்பட்டார். சட்டத்தைக் காக்கும் சீருடைக்காரருக்கே அந்த நிலை. ஆகஸ்ட் 28 அன்று வெல்மா மர்ஃபி என்ற இளம்பெண்ணின் தலைமையில் சுமார் 30 பேர், கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து, மணலில் விரிப்பு போட்டு உட்கார்ந்தார்கள். முழக்கம் இல்லை. சீட்டு விளையாடினார்கள், பேசினார்கள். கிளம்பும்போது கல் பறந்தது. வெல்மாவின் தலையில் 17 தையல். அடுத்த கோடையில் மறுபடி போனார்கள். இந்த முறை போலீஸ் கல்லெறிகிறவர்களைத் தடுத்தது. யூஜீன் இறந்து 41 ஆண்டுகள் கழித்தும் ஆயுதம் அதே கல்தான்.

உடம்பால் போய் இறங்கிய பிறகு ஆதிக்கம் என்ன செய்யும் என்பதற்குத் தெற்கிலிருந்து ஒரே ஓர் எடுத்துக்காட்டு. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் ஐந்து பொது நீச்சல்குளங்கள் இருந்தன, நான்கு வெள்ளையருக்கு, ஒன்று கறுப்பினத்தவருக்கு. பிரித்து வைக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னதும் நகராட்சி சேர்த்துத் திறக்கவில்லை. நான்கை மூடியது. குத்தகைக்கு வாங்கியிருந்த ஐந்தாவதை உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்தது, அது வெள்ளையருக்கு மட்டும் என்று தொடர்ந்து நடந்தது. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இது சரியே என்றது. எல்லோருக்கும்தானே மூடினார்கள், இதில் பாகுபாடு எங்கே என்பது வாதம். நாம் உள்ளே வரப் பார்த்தால் கோயிலையே பூட்டிச் சீல் வைக்கும் ஊர்களைத் தெரிந்த நமக்கு இந்த வாதமும் புதிதல்ல.

தண்ணீரிலிருந்து விலக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் போகிறது. அவர்கள் பெற்றோராகும்போது பயத்தில் பிள்ளைகளை விடுவதில்லை. அமெரிக்காவில் 10 முதல் 14 வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகள் நீச்சல்குளங்களில் மூழ்கி இறக்கும் விகிதம் வெள்ளையினப் பிள்ளைகளைப் போல் 7.6 மடங்கு என்கிறது அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம். கறுப்பர்களின் எலும்பு கனம், மிதக்காது என்று ஒரு கதையும் இதற்குக் கட்டப்பட்டது. நூறாண்டு கரையில் நிறுத்தியதை எலும்பின் மேல் போட்டுவிடலாம்!

நம் ஊரில் இந்தக் கணக்கைச் சாதி பிரித்து யாரும் எடுப்பதில்லை. ஆனால் நீச்சல் எப்படி வருகிறது என்று நமக்குத் தெரியும். கிணறு வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளைக்கு அப்பா இடுப்பில் கயிறு கட்டி இறக்குவார், முதுகில் சுரைப்புருடை இருக்கும், பத்து நாளில் உள்நீச்சலும் கடப்பாரைக் குதியும் வந்துவிடும். கிணறு நிலத்தோடு வருவது, நிலம் சாதியோடு வருவது. அந்தக் கிணற்றைத் தூர்வார இறங்கியவர்கள் நாம். குளிக்க இறங்கியதற்கு அடிவாங்கியவர்களும் நாம். பெண்பிள்ளைகள் கதை இன்னும் மோசம், சேரிக்குள்ளேயே அவர்களை யாரும் தண்ணீருக்குள் விடுவதில்லை.

யூஜீன் தெப்பம் மிதந்து போன 29ஆம் தெருக் கரை இன்று இல்லை, மண்கொட்டிக் கரையையே நகர்த்திவிட்டார்கள். அருகில் ஒரு பாறையில் அவன் பெயர் பொறித்த சிறு பலகை இருக்கிறது. கொஞ்சம் தெற்கே 31ஆம் தெருவில் இருக்கும் குளியல் கரைக்கு மார்கரெட் பரோஸ் என்ற கறுப்பினக் கவிஞரின் பெயர் வைத்திருக்கிறார்கள். ரெயின்போ கரையில் அன்று இறங்கியவர்களுக்கும் நினைவுக்கல் உண்டு. கோடையில் இந்த இரண்டு கரைகளிலும் எல்லா நிறத்துப் பிள்ளைகளும் குளிக்கிறார்கள், கட்டணம் இல்லை.

இந்த அவையின் முன் எங்கள் கோரிக்கை இரண்டு. நம் மாவட்டத் தலைநகரங்கள் பலவற்றில் அரசின் விளையாட்டு ஆணையம் நீச்சல்குளம் நடத்துகிறது, கட்டணம் உண்டு, காலை நேரம் முழுக்க வசதியான வீட்டுப் பிள்ளைகள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு, பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி, பயிற்சியாளரோடு, கட்டணமின்றி அந்தக் குளங்களைத் திறக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் கணக்கைச் சமூகவாரியாக வெளியிட வேண்டும். மனு கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.