மூழ்கிய கட்டை

2021 பிப்ரவரி. பள்ளிகள் மூடி, இல்லிருப்புக் கற்றல் தொடங்கிச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அக்கா மகள் அப்போது மூன்றாம் ஆண்டு. அறிவியலில் அடர்த்தி பாடம். புலனத்தில் வந்த கூகுள் பாரத்தில் பத்துப் பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக 'மிதக்கும்', 'மூழ்கும்' என்று இரண்டு வட்டங்கள். வீட்டில் உள்ள பொருள்களைக் கொண்டு செய்து பார்த்து விடையளிக்கவும் என்று மேலே குறிப்பு. நான்காவது கேள்வி, மரக்கட்டை.

வீடு முழுக்கத் தேடியதில் கையில் தூக்கக்கூடிய கட்டை ஒன்றுதான் கிடைத்தது. காற்றில் கதவு அடித்துச் சாத்தாமல் இருக்க அம்மா அண்டை கொடுத்து வைத்திருக்கும் உலக்கைத் துண்டு. ஊரிலிருந்து வந்த கருங்காலி உலக்கை அது. தோட்டத்து லயத்தில் மாவிடித்து, ஒரு நாள் உடைந்து, பூணும் கழன்று, அடித்துண்டு மட்டும் எங்களோடு நான்கு வீடு மாறி வந்திருக்கிறது. பிள்ளை அதை வாளித் தண்ணீரில் விட்டாள். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.

"மாமா, மரம் முங்கிருச்சு!"

பார்த்ததைப் பார்த்தபடி 'மூழ்கும்' என்று அழுத்தினாள். பத்துக்கு ஒன்பது வந்தது. நான்காவது கேள்வியில் சிவப்புப் பெருக்கல் குறி. மறுபடி அனுப்பலாம் என்றிருந்தது. மாற்றி அனுப்பினாள். "இப்ப பத்து" என்று கைப்பேசியைக் காட்டினாள். நானும் சிரித்துத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரை உறுத்துகிறது.

பாரம் தயாரித்த ஆசிரியரைக் குறை சொல்ல எழுதவில்லை. இருநூறு பிள்ளைகளின் விடைகளைக் கைப்பேசியில் திருத்துகிறவருக்குத் தானே திருத்திக்கொள்ளும் பாரம் வேண்டும். அப்படிப்பட்ட பாரத்துக்கு ஒற்றை விடை வேண்டும். ஆனால் இந்தச் சிக்கல் கொரோனாவோடு வந்ததல்ல. வகுப்புக்குள் பொருளைக் கொண்டுவரத் தொடங்கிய நாளிலிருந்தே, பொருள் வழியில் எங்கோ தொலைந்துபோய் அதன் பெயரும் விடையும் மட்டும் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன.

சுவிட்சர்லாந்தில் பெஸ்டலோட்ஸி (1746–1827) சொன்னது எளிய சங்கதி. பிள்ளை முதலில் கண்ணால் பார்க்கட்டும், கையால் தொடட்டும், சொல் பிறகு வரட்டும். அவருடைய பள்ளியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு இங்கிலாந்து திரும்பியவர் சார்லஸ் மேயோ. அவர் தங்கை எலிசபெத் மேயோ 1830ஐ ஒட்டி, பொருள்களைக் கொண்டு பாடம் நடத்தும் முறையை ஒரு நூலாக்கினார். முதல் பாடம் கண்ணாடி. ஒரு துண்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும். ஒளி ஊடுருவும், எளிதில் உடையும், வழவழப்பானது என்று அவர்களே கண்டு சொல்லச் சொல்ல, அதற்குரிய சொல்லை ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார். நூல் பதிப்புமேல் பதிப்பாக விற்றது. பிரச்சினை என்னவென்றால், பிள்ளைகள் கண்டு சொல்ல வேண்டிய விடைகளும் அதிலேயே அச்சாகியிருந்தன. கண்ணாடி வாங்கக் காசில்லாத பள்ளியில், பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்தால் போதும் என்றாகிவிட்டது.

1854இல் வந்த டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில் இதன் உச்சம் இருக்கிறது. சர்க்கஸ்காரரின் மகள் சிஸ்ஸி குதிரைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவள். குதிரைக்கு வரையறை சொல் என்றதும் அவளுக்கு வாய் வரவில்லை. பிட்ஸர் என்ற பையன் பல் எண்ணிக்கை உட்பட ஒப்பித்து நல்ல பெயர் வாங்குகிறான். சிரிக்க வைக்கும் பகுதி என்றுதான் கல்லூரியில் வாசித்தேன். வாளிக்குப் பக்கத்தில் நின்ற அன்று சிரிப்பு வரவில்லை.

ஒப்பிக்கும் பழக்கத்தை அரசாங்கமும் கவனித்தது. 1895இல் இங்கிலாந்துக் கல்வித்துறை ஒரு சுற்றறிக்கையே விட்டது. பொருள் பிள்ளையின் முன்னால் இல்லாவிட்டால் அதைப் பொருட்பாடம் என்று சொல்லாதீர்கள், அது வெறும் தகவல் பாடம் என்பது அதன் சாரம். படத்தைக் காட்டிவிட்டுப் பொருளைக் காட்டியதாகக் கணக்கெழுதுவது அப்போதே வழக்கமாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் இப்படி ஒரு சுற்றறிக்கைக்குத் தேவை என்ன?

இருபதாம் நூற்றாண்டு இதற்குக் கண்ட மருந்து பெட்டி. கலிபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ஸ் அறிவியல் கூடம் உருவாக்கிய 'ஃபாஸ்' பாடத்திட்டத்தில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'மரமும் தாளும்' என்ற பகுதி இருந்தது. பைன், பாஸ்வுட், ரெட்வுட், ஒட்டுப்பலகை, மரத்துகளை அழுத்திச் செய்த பலகை ஆகியவற்றில் சிறு துண்டுகள் பெட்டியில் வரும். பிள்ளைகள் தடவிப் பார்ப்பார்கள், துளி நீர் விட்டு உறிஞ்சுகிறதா என்று பார்ப்பார்கள், உப்புத்தாளில் தேய்த்துத் தூள் எடுப்பார்கள். எனக்குப் பிடித்தது மிதவைச் சோதனை. கட்டை மிதக்கிறது என்பதோடு அது நிற்காது. தாள் கிளிப்புகளை ஒவ்வொன்றாக மாட்டி, எத்தனையாவது கிளிப்பில் மூழ்குகிறது என்று எண்ண வேண்டும். ஒரு கட்டை சீக்கிரம் தோற்கும், இன்னொன்று தாக்குப்பிடிக்கும். மரம் என்பது ஒரே பொருள் இல்லை என்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு விரல் நுனியில் தெரிந்துவிடும்.

இதற்கெல்லாம் கட்டைகள் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். பள்ளி மூடியதும் கைநழுவியது அதுதான்.

தொலைவிலிருந்து கற்பிப்பது நம் நாட்டுக்குப் புதிதில்லை. கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூனிலேயே தொடங்கிவிட்டது. 2021 பிப்ரவரியில் 'டிடிக் டிவி'யும் வந்தது. திரையில் ஒரு கை கட்டையைத் தண்ணீரில் வைக்கும், அது மிதக்கும், பிள்ளை பார்க்கும். ஒழுங்கான பாடம்தான், ஆனால் 1895இன் சுற்றறிக்கைப்படி தகவல் பாடம். அதுவும் எட்டாத வீடுகள் உண்டு. 2020இல் கல்வி அமைச்சு எடுத்த கணக்கில் 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் கணினி, கைப்பேசி என்று எந்தச் சாதனமும் இல்லை. 'வீட்டில் உள்ள பொருளைக் கொண்டு செய்' என்பது இந்த இரண்டுக்கும் நடுவே பிறந்த வழி. நல்ல வழி. ஆனால் வீட்டுக்கு வீடு மரம் வேறு. ஒரு வீட்டில் கருங்காலி, இன்னொரு வீட்டில் ரப்பர் மர நாற்காலி. அடுக்குமாடி வீட்டிலோ மரம்போல வரி அச்சிட்ட நெகிழித்தாள் ஒட்டிய அலமாரி. அதன்மேல் துளி நீர் விட்டால் முத்துப்போல உருண்டு நிற்கும். 'மரம் நீரை உறிஞ்சாது' என்று எழுதும் பிள்ளை பொய் சொல்லவில்லை.

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன். "அது வைரம் பாஞ்ச கட்டைடா, முங்காம என்ன செய்யும்?" என்றார். அடுப்புக்கு ரப்பர் விறகு சுமந்த காலத்திலேயே எது கனக்கும், எதை வண்டு துளைக்கும் என்று அவருக்குக் கையிலேயே தெரியும். பள்ளிப் பாடமாக யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை.

எந்த மரமானாலும் அதன் செல் சுவர் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியானது. மரத்தை மிதக்க வைப்பது உள்ளே இருக்கும் வெற்றிடங்களில் அடைபட்ட காற்று. கருங்காலியில் அந்த இடம் மிகக் குறைவு. நம் காட்டுப் புலாய் மரத்தில் ஏராளம். தமிழில் ஏழிலைப்பாலை எனப்படும் மரமும் புலாய் வகைதான். அதன் அறிவியல் பெயரில் 'ஸ்காலாரிஸ்' என்ற சொல் ஒட்டியிருக்கக் காரணம், பள்ளிப் பிள்ளைகளின் எழுதுபலகைக்கு அந்த மரம் பயன்பட்டதுதான். அம்மா 'வைரம்' என்று சொன்னதற்கும் பழைய பெயர் ஒன்று உண்டு: காழ். தொல்காப்பிய மரபியல், காழ் உள்ளே இருப்பதை மரம் என்றும் வெளியே இருப்பதைப் புல் என்றும் பிரிக்கிறது. தென்னையும் பனையும் மூங்கிலும் அந்தக் கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் பனையையும் மூங்கிலையும் மற்ற மரங்களோடு சேர்ப்பதில்லை. ஆக, அந்தப் பாரத்துக்குச் சத்தே குச்சியைப் போட்டுப் பார்த்து 'மரம் மிதக்கும்' என்று முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளை, மரத்தையே தொடவில்லை.

இதையெல்லாம் என் தோழி ஒருத்தியிடம் புலம்பினேன். அவளும் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. "நீ பாரத்த திட்டாத. கேள்வியத்தான் மாத்தணும்" என்றாள். அடுத்த வாரம் தன் வகுப்புக்குப் பாரம் அனுப்பவில்லை. ஐஸ்கிரீம் குச்சி, சத்தே குச்சி, சீவிய பென்சில் மூன்றையும் தண்ணீரில் போட்டு, எது எவ்வளவு தூரம் உள்ளே போயிருக்கிறது என்று கோடு போட்டுக் காட்டச் சொன்னாள். எந்த வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் கிடைப்பவை அவைதாம். பெட்டி செய்த வேலையைக் கொஞ்சமாவது அவை செய்யும். பிறகு பென்சில் சீவலை ராத்திரி முழுக்க ஊறப்போட்டுக் காலையில் பார்க்கச் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்வி, விடை குரல் பதிவில்: "உங்க வீட்டுல மூழ்குற மரம் இருக்கா?"

எல்லாரும் அனுப்பவில்லை. சிலருக்குத் தரவு இல்லை, சிலருக்கு அப்பா வேலைக்குக் கொண்டுபோன கைப்பேசி இரவில்தான் கிடைக்கும். வந்த பதிவுகளில் ஒன்றை எனக்கு அனுப்பி வைத்தாள். பின்னணியில் தொலைக்காட்சிச் சத்தம்.

"டீச்சர், எங்க வீட்டுல எல்லாம் பிளாஸ்டிக்தான். கதவு மட்டும் மரம். அத எப்படி வாளில போடறது?"

கதவின் அடிவிளிம்பில் பெரும்பாலும் சாயம் பூசியிருக்க மாட்டார்கள். அங்கே விரலால் ஒரு துளி தண்ணீர் தொட்டு வைத்துவிட்டு, பத்து வரை எண்ணிப் பார் என்று அவனுக்குப் பதில் போட்டிருக்கிறாள். அரை மணி கழித்து அவனிடமிருந்து வந்தது இரண்டு நொடிப் பதிவு.

"குடிச்சிருச்சு டீச்சர்."